தலைக்கு இருநூறு

மே 31, சனி

இந்த மாதம் எல்லாம் போக மிச்சம் அறுநூற்று நாற்பது ரூபாய்.

பேருக்கு இரண்டு பேர் சம்பளம். என் வீட்டுக்காரர் குரோம்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறார், நான் பல்லாவரத்தில் ஜவுளிக்கடை பில்லிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். வாடகை, வண்டித் தவணை, சீட்டு, மகள் நிவேதாவின் டியூஷன், மளிகை, பால், கரண்ட், லாரித் தண்ணீர், மாமாவின் மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தால், ஊரெல்லாம் சுற்றி வந்த கோயில் பிரசாதம் மாதிரி கடைசியில் கையில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்கு.

எனக்கு ஒரே ஒரு ஆசை. மாதம் ஒரு தடவை நாங்கள் மூன்று பேரும் ஓட்டலுக்குப் போய், மெனு அட்டையின் வலது பக்கத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். நகையா கேட்டேன், நட்டா கேட்டேன்?

போன வாரம் உட்கார்ந்து மாமாவின் செலவை மட்டும் தனியாகக் கூட்டினேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, காலை மாலை டீக்கடைக் கணக்கு, அவருக்கென்று அரை லிட்டர் பால், வாரம் ஒரு ஷேவிங், தண்ணீருக்குத் தலைக்கு இருநூறு, பகலெல்லாம் ஓடுகிற ஃபேன். மூவாயிரத்து அறுநூறு வந்தது. அதை ஒரு சீட்டில் எழுதி இவருடைய டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இன்றைக்குச் சாப்பிடும்போது, "அப்பாவ கிரிவலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கார்" என்றார்.

மாமா அப்படி அடிக்கடி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அவர் எதைத்தான் கேட்டார்? வைத்ததைத் தின்பார், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரியில் 'இங்கேயே இருங்க' என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். இவர் கூட்டி வந்துவிடுவார் என்று நான் நினைக்க, நான் கூட்டி வந்துவிடுவேன் என்று இவர் நினைக்க, சாயங்காலம் போய்ப் பார்த்தால் அதே பெஞ்சில் அதே மூலையில் இருந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. 'எழுந்து போனா நீ தேடுவியேம்மா' என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் கிளம்பினார்கள். மாமா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் தட்டிக் காட்டி, "உனக்கு என்னம்மா வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டார். உள்ளே இருபது ரூபாய் இருக்கும், அவ்வளவுதான்.

"ஒண்ணும் வேணாம் மாமா, பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன். 'போயிட்டு வாங்க' என்றுதான் சொன்னேன். அதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மாத்திரை டப்பா அலமாரியிலேயே இருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன் போல.

ஜூன் 12, வியாழன்

இவர் மட்டும் வந்தார்.

திருவண்ணாமலையில் வயதானவர்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறதாம். சாப்பாடு, வைத்தியம் எல்லாம் இலவசமாம். மாமாவுக்கும் இடம் பிடித்துப் போயிற்றாம். சட்டையை ஊறவைக்க எடுத்தபோது பையில் பஸ் டிக்கெட்டுகள் இருந்தன. போக இரண்டு, வர ஒன்று. நியாயம்தானே, ஒரு ஆள்தானே திரும்பி வந்தது.

இல்லத்தின் பெயர் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்டுவிட்டால் போன் நம்பர் கேட்கவேண்டும், அப்புறம் போய்ப் பார்க்கவேண்டும், வெறுங்கையோடு போகமுடியாது. கேள்விக்கும் செலவு இருக்கிறது.

யாராவது கேட்டால் 'ஊருக்குப் போயிருக்கார்' என்று சொல்லச் சொல்லி நிவேதாவிடம் சொல்லிவைத்தேன். ஏழாவது படிக்கிற பெண். "எந்த ஊருக்கு?" என்றாள். வாயை மூடு என்றேன்.

ஜூன் 14, சனி

மெடிக்கல் ஷாப்பில் மாமாவின் கணக்கை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பாலைக் குறைத்தாயிற்று. மாத முடிவில் கையில் நாலாயிரத்துக்கு மேல் நிற்கும். எந்த ஓட்டல் என்று நிவேதாவையே முடிவு பண்ணச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

அரை லிட்டர் பால் பற்றவில்லை. எப்படிக் காய்ச்சினாலும் ஒரு டம்ளர் குறைகிறது. நிவேதா குடித்திருப்பாள், கேட்டால் இல்லை என்கிறாள். வளர்கிற பெண், தொலைகிறது என்று மறுபடி ஒரு லிட்டருக்கே சொல்லிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சலூன் கோதண்டம் வாசலில் வந்து நின்று மாதக் கணக்கு இருநூறு கேட்கிறார். புதன்கிழமை காலையில் கடையில் கூட்டம் இருக்காது, அதனால் புதன்தோறும் வீட்டுக்கு வந்து மாமாவுக்கு ஷேவிங் பண்ணிவிட்டுப் போவார். அந்த நேரம் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருப்போம்.

"ஐயாதான் ஊர்ல இல்லியே, யாருக்குப் பண்ணீங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தப் புதன்கூட, படிக்கட்டு ஓரம் போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பண்ணினாராம். வழக்கம்போல மருமகளிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். "மனுஷன் ஒண்ணும் பேசல. கன்னம்தான் கொஞ்சம் ஒட்டிப்போயிருக்கு, பிளேடு பிடிக்க மாட்டேங்குது. நல்லா சாப்பிடச் சொல்லும்மா" என்றார்.

பகல் கொள்ளை. கத்தலாம் என்று பார்த்தேன், மாடியில் வீட்டுக்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கத்தினால் மாமா எங்கே என்ற பேச்சு வரும். இருநூறைக் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் படிக்கட்டைப் பெருக்கினேன். நாற்காலிக்கு அடியில் வெள்ளை முடி கிடந்தது, பொடிப்பொடியாக. இந்தத் தெருவில் நரைத்தவர் எத்தனையோ பேர். காற்றில் வந்திருக்கும்.

ஜூன் 30, திங்கள்

வீட்டுக்கார கமலவேணி அக்கா தண்ணீர்க் கணக்கோடு இறங்கி வந்தார். இங்கே பம்மலில் கோடை வந்தால் லாரித் தண்ணீர்தான். ஆன செலவை வீட்டில் குடியிருக்கிற தலைகளை எண்ணிப் பிரிப்பார். ஒரு தலை கூடவும் போடமாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒரு தடவை சில்லறை தப்பாக வந்துவிட்டது என்று பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்க மாடியிலிருந்து இறங்கி வந்தவர்.

"நாலு தலை, எண்ணூறு" என்றார்.

மூணு தலைதான் என்று சண்டை பிடித்தேன். மாமா ஊருக்குப் போய் இருபது நாளாகிறது என்றேன். அக்கா சிரித்துவிட்டார்.

"நேத்து காலையிலகூட 'மோட்டார் போட்டாச்சாம்மா'ன்னு கேட்டார். பேப்பர் படிச்சிட்டு அங்கதான் உக்காந்திருந்தார். இருநூறு ரூபாய்க்காக இருக்கிற மனுஷன இல்லைங்கலாமா வளர்மதி?"

எண்ணூறு கொடுத்தேன். டீக்கடைக்காரரும் மாதக் கணக்கு சொல்லி அனுப்பினார், காலை ஒன்று, மாலை ஒன்று, முழு மாதத்துக்கும். மெடிக்கல் ஷாப்பில், "நிறுத்தச் சொன்னீங்கதான், ஆனா ஐயாவே வந்து வாங்கிட்டுப் போனாரே" என்று பில்லை நீட்டினார்கள். கரண்ட் ஒரு யூனிட் குறையவில்லை.

மிச்சம் அறுநூற்று நாற்பது.

மூன்று தடவை கூட்டினேன். அதே அறுநூற்று நாற்பது. யானை வாய்க்குள் போன கரும்பு மாதிரி மூவாயிரத்து அறுநூறும் போன இடம் தெரியவில்லை. இவரிடம் சொன்னேன். இவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஓட்டல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

குளியலறையில் மாமாவின் சிவப்புச் சோப்பு தேய்ந்துகொண்டு வருகிறது. நாங்கள் மூன்று பேரும் அதைத் தொடுவதில்லை. காலையில் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நாள் முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அரிசி களைந்தது, கீரை ஆய்ந்தது எல்லாம் அங்கேயே. நாற்காலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரும் வரவில்லை. மத்தியானம் சாப்பிட உள்ளே வந்தால் நிவேதா நாலு தட்டு வைத்திருக்கிறாள்.

"எதுக்குடி நாலு?" என்றேன்.

"தாத்தா மெலிஞ்சுட்டே போறார்மா. நீ அவருக்கு ஏன் போட மாட்டேங்கற?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். இறக்கிக்கொண்டேன். இந்தத் தெருவில் எல்லார் கண்ணிலும் படுகிறவர், எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதுவதற்கு என்ன வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

நிவேதாவை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு இன்றைக்கு இவரிடம் கேட்டேன். இல்லத்தின் பெயர் என்ன என்று.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பார்? அழுதுவிட்டார். இல்லம் ஏதும் இல்லை. மலை சுற்றுகிற பாதையில் பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"இங்கயே உக்காந்திருங்கப்பா, டீ வாங்கிட்டு வரேன்னு சொன்னேன். சரிப்பான்னு துண்ட விரிச்சு உக்காந்தார். கொஞ்ச தூரம் வந்ததும் கூப்பிட்டார். கண்டுபிடிச்சிட்டாரோன்னு நெஞ்சே நின்னுபோச்சு. பையிலேர்ந்து இருபது ரூபா எடுத்துக் குடுத்து, 'எனக்கு வேணாம்பா, நீ குடிச்சிட்டு வா'ன்னார்."

அந்த நோட்டு இன்னும் இவர் பர்ஸில் இருக்கிறது. மடித்தது மடித்தபடி.

"சீட்டு எழுதி வெச்சது நீ" என்றார். நான் செலவைத்தான் எழுதினேன். கொண்டுபோய் விடுங்கள் என்று ஒரு எழுத்து எழுதியிருக்கிறேனா? இதையே இரண்டு பேரும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம், டியூஷன் முடிந்து நிவேதா வரும் வரைக்கும்.

ஜூலை 14, திங்கள்

மாமாவைக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு. அதில் மாற்றமில்லை.

எப்போது என்பதுதான். இப்போதே போனால் இரண்டு பேருக்கும் சம்பளப் பிடித்தம். கையில் இருப்பது பால்காரருக்கும் கேஸுக்கும் சரியாக இருக்கிறது. பௌர்ணமி நாலு நாள் முன்னால்தான் போயிற்று. அடுத்தது ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சம்பளம் வந்துவிடும், ஸ்பெஷல் பஸ்ஸும் விடுவார்கள். இவர், "இன்னிக்கே கடன் வாங்கிட்டுப் போறேன்" என்று குதித்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

காரணத்தோடுதான் சொன்னேன். ராத்திரி பூரா யோசித்தேன். டீக்கடையில் கணக்கு ஏறுகிறது, மாத்திரை வாங்குகிறார், சோப்பு கரைகிறது, நாலு தலைக்குத் தண்ணீர் போகிறது. அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு இங்கே எல்லாம் போய்ச் சேர்கிறது என்றுதானே அர்த்தம்? நான் பணம் கட்டுகிற வரைக்கும் அவருக்குக் குறையில்லை. சொன்ன இடத்தை விட்டு எழுந்து போகிறவரும் இல்லை. இருபத்தைந்து நாள் என்ன, ஓடிவிடும்.

ஜூலை 16, புதன்

கோதண்டத்துக்கு இந்த வாரக் காசை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். டீக்கடையில் ஐயாவுக்கு டீயோடு பன்னும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடும்போது நானே நாலாவது தட்டு வைத்தேன். இவர் பார்த்தார். நிவேதா மட்டும், "தாத்தாவுக்கு ரசம் நிறைய ஊத்தும்மா" என்றாள்.

மனசு லேசாக இருக்கிறது. இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமாவுக்குச் சிரித்த முகத்தோடு செலவு பண்ணுவது இப்போதுதான்.

ஜூலை 22, செவ்வாய்

பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டீயும் பாதிதான் குடிக்கிறாராம். டீக்கடைக்காரர் பன் காசைத் திருப்பிக் கொடுத்தார். வயதானால் பசி குறையும், எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஜூலை 23, புதன்

கோதண்டம் வேலை முடித்துப் போகும் வழியில் என் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஐயாவுக்குக் கழுத்து நிக்கல, நான் தாங்கிப் பிடிச்சுத்தான் பண்ணேன். டாக்டர்கிட்ட காட்டும்மா." பில்லிங்கில் கூட்டம். சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். இன்னும் பதினாறு நாள். இந்த வார இறுதியிலேயே போய்விடலாமா என்று இவரிடம் கேட்டேன். ஆடித் தள்ளுபடி நடக்கிறது, எங்கள் கடையில் ஞாயிறுகூட லீவு கிடையாது. எடுத்தால் இரட்டைப் பிடித்தம். "நீங்க மட்டும் போங்களேன்" என்றேன். "அவர் முகத்த நான் தனியா எப்படிப் பாப்பேன்?" என்றார். எட்டாம் தேதியே இருக்கட்டும் என்று ஆயிற்று.

ஜூலை 26, சனி

பால் மிஞ்சித் திரிந்துவிட்டது. கொட்ட மனசில்லை, சர்க்கரை போட்டுக் கிண்டினேன். நிவேதா ஒரு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டாள்.

ஜூலை 28, திங்கள்

சிவப்புச் சோப்பு காய்ந்து வெடித்திருக்கிறது. தண்ணீர் தெளித்து வைத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

நாலு தட்டு வைத்தேன். நிவேதா எழுந்து வந்து ஒன்றை எடுத்துக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

கோதண்டம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். நாற்காலியில் யாரும் இல்லையாம். இந்த வாரத்துக்கென்று முன்கூட்டி வாங்கின ஐம்பது ரூபாயை ஜன்னல் கம்பியில் மடித்துச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 31, வியாழன்

கமலவேணி அக்கா தண்ணீர்க் கணக்கோடு இறங்கி வந்தார். எண்ணூறை எடுத்துத் தயாராகக் கையில் வைத்திருந்தேன்.

"மூணு தலை, அறுநூறு" என்றார்.

"நாலுக்கா."

"மூணு பேருக்குத்தானேம்மா தண்ணி போகுது."

"பெரியவர் இருக்காரே."

"அவர் ஊருக்குப் போயிருக்கார்னு நீதானே சொன்ன? நாற்காலி நாலஞ்சு நாளா காலியாத்தான் கிடக்கு. இல்லாத தலைக்கு எனக்கு எதுக்குக் காசு?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு என்று எழுதுங்கள் என்றேன். இந்த மாதம் மட்டும் எழுதுங்கள், எட்டாம் தேதி வந்துவிடுவார், நான் கொடுக்கிறேன், ஐந்து தலைக்குக்கூடக் கொடுக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அக்கா பயந்துபோய் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, இருநூறை நிலைப்படியில் வைத்துவிட்டு மாடி ஏறிவிட்டார்.

டீக்கடையில் இந்த மாதம் பாதிக் கணக்குதான். மெடிக்கல் ஷாப்பில் பதினைந்து நாள் மாத்திரைதான் போயிருக்கிறது. பால்காரர் நாலு நாள் கழித்துக்கொண்டார்.

மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

பணத்தைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து பார்த்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை. பர்ஸைத் திறந்து அந்த மடித்த இருபது ரூபாயை எடுத்து அதன் மேல் வைத்தார். இரண்டாயிரம் ஆயிற்று.

சம்பளப் பிடித்தம் போனால் போகிறது. காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். நிவேதா பையில் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துவிட்டாள். ஒரு டிக்கெட் இருநூறு ரூபாய். போக மூன்று டிக்கெட், வர நாலு டிக்கெட். ஆயிரத்து நானூறு ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், எல்லாம் போக இன்னும் அறுநூறு மிஞ்சுகிறது.